மூன்று லட்சத்துக்கு ஐ.நா. அங்கீகாரமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்காக 2013-லிருந்து ஒரு டிரஸ்ட் நடத்தி வருகிறோம். 11 ஊர்களில் 640 பெண்கள் எங்களோடு இருக்கிறார்கள். நான் நிர்வாக அறங்காவலர். என் கணவர், என் தம்பி, இரண்டு நண்பர்கள் மற்ற அறங்காவலர்கள். தீவுப் பக்கம் பாசிக்குப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத இழுபறி. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் பேசினார். எங்கள் டிரஸ்டுக்கு 'ஐ.நா. அஃபிலியேஷன்' வாங்கித் தருவதாகவும், மொத்தம் 3 லட்சம் ஆகும் என்றும், அது வந்துவிட்டால் லெட்டர்பேடில் ஐ.நா. சின்னம் போடலாம், வெளிநாட்டு நிதி வரும், அதிகாரிகள் எழுந்து நின்று பேசுவார்கள் என்றும் சொன்னார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மீதியைக் கொடுக்கலாமா? உண்மையிலேயே இப்படி ஒரு அங்கீகாரம் இருக்கிறதா? நாங்களே விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

மீதியைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கேட்கும் அங்கீகாரம் இருப்பது உண்மை. அதற்கு ஐ.நா. ஒரு பைசா கட்டணம் வாங்குவதில்லை என்பதும் உண்மை. விண்ணப்பம் இணையத்தில், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்புவது. கன்சல்டன்ட் படிவம் நிரப்பித் தருகிற வேலைக்குக் கூலி கேட்டால் அது வேறு விஷயம். நானும் அப்படிப்பட்ட கூலி வாங்குகிறவன்தான். ஆனால் 'வாங்கித் தருகிறேன்' என்று யாரும் சொல்ல முடியாது. முடிவெடுப்பது நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் ஒரு குழு. அங்கே புரோக்கருக்கு நாற்காலி கிடையாது.

இந்தத் தொழிலில் நடக்கும் ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் தொண்டு நிறுவனத் தகவல் தொகுப்பில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரியைப் பதிந்துகொள்ளலாம். விண்ணப்பத்துக்கு அது வெறும் முதற்படி. பதிந்ததும் ஒரு மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலை வண்ணத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, 'ஐ.நா.வில் பதிவு பெற்றது' என்று விற்கிறார்கள். என்னிடம் கணக்குத் தணிக்கைக்கு வந்த ஒரு டிரஸ்டின் முன்னறையில் அப்படி ஒரு சட்டம் மாட்டியிருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த தொகையைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி, உண்மையான அங்கீகாரம் எது? ஐ.நா. சாசனத்தின் 71-வது பிரிவு, பொருளாதார சமூக மன்றம் தொண்டு நிறுவனங்களைக் கலந்தாலோசிக்கலாம் என்கிறது. அந்த மன்றத்தை எகோசாக் என்று சுருக்கிச் சொல்வார்கள். அது கொடுப்பது 'ஆலோசனைத் தகுதி'. விதிகள் 1996-ல் நிறைவேறிய 31-வது தீர்மானத்தில் இருக்கின்றன. இன்று உலகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இந்தத் தகுதியோடு இருக்கின்றன. அதில் மூன்று வகை. பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய அமைப்புகளுக்குப் பொதுத் தகுதி. ஓரிரு துறைகளில் வேலை செய்பவர்களுக்குச் சிறப்புத் தகுதி; நீங்கள் விண்ணப்பித்தால் இதற்குத்தான். மூன்றாவது, தேவைப்படும்போது கூப்பிடுகிற பெயர்ப்பட்டியல்.

தகுதி கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதைக் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். நியூயார்க், ஜெனீவா, வியன்னா அலுவலகங்களில் நடக்கும் கூட்டங்களுக்கு ஆள் அனுப்பலாம். சிறப்புத் தகுதி உள்ளவர்கள் மன்றத்துக்கு 500 சொற்களுக்குள் எழுத்தறிக்கை கொடுக்கலாம். ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடும்போது நேரம் கிடைத்தால் பேசலாம். அவ்வளவுதான். டிக்கெட்டும் தங்கும் செலவும் உங்களுடையது. நிதி எதுவும் வராது. வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால், ஐ.நா. தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதற்குத் தனி நிபந்தனைகள்: மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவு செய்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஐ.நா.வே, அல்லது அதன் சிறப்பு முகமைகளே நேரடியாகத் தருகிற பணம் அந்தச் சட்டத்தில் வெளிநாட்டு மூலம் என்ற கணக்கில் வராது. ஆனால் எகோசாக் பணம் தருகிற இடமே இல்லை என்பதால் அது உங்களுக்கு இங்கே உதவாது.

ஐ.நா. சின்னத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். தகுதி பெற்ற அமைப்புகளுக்கும் அதை லெட்டர்பேடில் போட அனுமதி கிடையாது. நம் நாட்டில் 1950-ம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முறையின்றிப் பயன்படுத்தக்கூடாத பெயர்கள், சின்னங்களின் அட்டவணையில் ஐ.நா.வின் பெயரும் சின்னமும் முத்திரையும் இருக்கின்றன. கார் நம்பர் பிளேட்டுக்கு மேல் 'சர்வதேச மனித உரிமை' என்று சிவப்பெழுத்தில் போர்டு வைத்துச் சுற்றுகிறவர்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சகஜம் என்று நினைத்துவிடக்கூடாது.

இப்போது உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது 'மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது' என்ற வரி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தப் பூங்கா எல்லைக்குள் கால் வைக்கலாமா, எவ்வளவு தூரம் வரலாம் என்பதெல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே முடிவாகிற விஷயம். நியூயார்க்கில் நாற்காலி கிடைத்தால் வனச்சரக அலுவலகத்திலும் நாற்காலி போடுவார்கள் என்று எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். போட மாட்டார்கள். இதற்காக மட்டும் என்றால் என் பதில்: வேண்டாம். அந்த உழைப்பை ஊர் ஊராகப் பாசி எடுக்கும் நாட்கள், இடங்கள், எடை என்று பதிவேடு எழுதுவதில் போடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் அது உங்கள் மேசையில் இருக்கும்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவோம் என்று ஒப்புக்கொண்டன. காகிதத்தில் நல்ல காரியம். அந்த 30 சதவீதத்தில் யாருடைய கடல் போகும், காலங்காலமாக அதில் மூழ்கி எழுந்தவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்க அந்த அறைகளில் ஆள் வேண்டும். உங்கள் 640 பெண்களுக்கு அங்கே சொல்ல விஷயம் இருக்கிறது. அதுதான் காரணம் என்றால் விண்ணப்பியுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

அப்படியானால் முதலில் பீரோவைத் திறந்து உங்கள் டிரஸ்ட் பத்திரத்தை எடுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1996 தீர்மானம் கேட்பது என்ன? ஜனநாயக முறையில் ஏற்கப்பட்ட அமைப்பு விதிகள், உறுப்பினர்களுக்குப் பதில் சொல்கிற நிர்வாகம், நிலையான தலைமையகம், ஒரு செயல் அலுவலர். நம் ஊர் டிரஸ்ட் பத்திரம் பெரும்பாலும் பத்திர எழுத்தர் கையிலிருந்த பழைய மாதிரியைப் பார்த்து எழுதியது. அதில் 'நிர்வாக அறங்காவலர் தம் ஆயுட்காலம் வரை பதவி வகிப்பார், அவருக்குப் பின் அவரால் நியமிக்கப்படுபவர்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பத்திரத்திலும் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். நீங்கள், கணவர், தம்பி என்று ஐந்தில் மூன்று பேர் ஒரே வீடு. இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிவத்தில் 'தலைமையை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்' என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்?

சிலர் அங்கே 'உறுப்பினர்கள் வாக்களித்து' என்று எழுதிவிடுவார்கள். பத்திரத்தின் மொழிபெயர்ப்போ கூடவே போகிறது. ஆறாவது பக்கத்தில் ஆயுட்காலம் என்று இருக்கும். கேள்வி வராமல் என்ன செய்யும்? பொய் எழுத வேண்டாம். பத்திரத்தைத் திருத்தலாமா என்று பாருங்கள். திருத்தும் அதிகாரம் அறங்காவலர்களுக்கு உண்டு என்று பத்திரத்திலேயே ஷரத்து இருந்தால், துணைப் பத்திரம் எழுதி, முதல் பத்திரம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அந்த ஷரத்து இல்லையென்றால் நீதிமன்றம் வரை போக நேரிடும்; வக்கீலைக் கேளுங்கள். திருத்தும்போது பதவிக்காலம், தேர்வுமுறை, ஊர்ப் பிரதிநிதிகள் என்பதை மட்டும் தொடுங்கள். நோக்கங்கள் எழுதிய பக்கத்தைத் தொடாதீர்கள். அதைத் தொட்டால் வருமான வரித் துறையில் டிரஸ்டின் வரிவிலக்குப் பதிவையும் மறுபடி பார்க்க வேண்டி வரும், அது தனித் தலைவலி.

திருத்த மனமில்லை என்றாலும் ஒரு வழி உண்டு. 11 ஊர்ப் பெண்களும் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள், அதை அறங்காவலர்கள் நிறைவேற்றுகிறார்கள் என்றால் அதற்குத் தீர்மானப் புத்தகம் வையுங்கள். தேதி, வந்தவர்கள் கையெழுத்து, எடுத்த முடிவு. கைரேகை என்றாலும் பரவாயில்லை. 'நாங்கள் டிரஸ்ட், சட்டப்படி எங்களுக்கு உறுப்பினர்கள் இல்லை, ஆனால் முடிவெடுப்பது இப்படி' என்று எழுதி அந்தப் புத்தகத்தைச் சாட்சியாகக் காட்டலாம். நான் பார்த்தவரை இப்படி உள்ளதை உள்ளபடி எழுதியவர்களுக்குக் கேள்வி குறைவாகவே வந்திருக்கிறது.

பதிவாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. சேர்க்க வேண்டியவை: பத்திரமும் திருத்தங்களும், பதிவுச் சான்று, கடைசி வருட நிதியறிக்கை, ஆண்டறிக்கை, உங்கள் வெளியீடுகள் அல்லது உங்கள் வேலை பற்றி வந்த கட்டுரைகளின் மாதிரி. தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். டிரஸ்டுகளுக்குச் சங்கங்களைப் போலத் தனிச் சான்றிதழ் கிடையாது என்பதால், பதிவான பத்திரத்தின் முத்திரைப் பக்கமே பதிவுச் சான்று என்று ஒரு வரி விளக்கம் எழுதிவிடுங்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் சார்பதிவாளர் முத்திரை புரியாது.

எண்களில் கவனம். ஒரு டிரஸ்டின் வெப்சைட்டில் பயனாளிகள் 10,000, ஆண்டறிக்கையில் 4,200, விண்ணப்பத்தில் 'சுமார் 6,000' என்று இருந்தது. மூன்றையும் எழுதியவர் ஒரே ஆள்தான்; ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மனநிலை. 640 என்றால் எல்லா இடத்திலும் 640 என்றே இருக்கட்டும். வரவு செலவும் அப்படித்தான். படிவத்தில் எழுதும் தொகை ஆடிட் ரிப்போர்ட்டில் உள்ள தொகையோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்த வேண்டும். பணம் முக்கியமாக உறுப்பினர்கள், தனி நபர்கள், தனியார் அமைப்புகளிடமிருந்து வருவதாக இருக்க வேண்டும் என்பது விதியின் எதிர்பார்ப்பு. அரசிடமிருந்து ஏதாவது வாங்கியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் வில்லங்கம்.

மன்றத்தின் பணிக்கு எப்படிப் பங்களிப்பீர்கள் என்ற பகுதியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 'நிலையான வளர்ச்சி இலக்குகள் அனைத்தையும் அடையப் பாடுபடுவோம்' என்று எழுதுவதில் பயனில்லை. அதை உலகமே எழுதுகிறது. கடல் தேசியப் பூங்காவின் ஓரத்தில் வாழும் பெண்கள் பாசியைப் பறிக்காமல் விட்டுவைக்க ஒப்புக்கொண்ட நாட்கள் எத்தனை, பூங்கா நிர்வாகத்தோடு எதில் உடன்பட்டார்கள், எதில் முரண்பட்டார்கள் என்பதை எழுதுங்கள். அது உங்களைத் தவிர யாரிடமும் இல்லாத விஷயம்.

ஒரு வருடம் ஜூன் 1-க்குள் விண்ணப்பித்தால் அடுத்த வருடம் பரிசீலிப்பார்கள். செயலகத்தார் முதலில் காகிதங்கள் சரியா என்று பார்த்துக் குறை இருந்தால் திருப்பிக் கேட்பார்கள். பிறகு 19 நாடுகள் கொண்ட தொண்டு நிறுவனக் குழு. அது வருடத்தில் இருமுறை, ஜனவரி வாக்கிலும் மே வாக்கிலும் கூடும். 2023 முதல் 2026 வரையிலான குழுவில் இந்தியா, பாகிஸ்தான், சீனா, அமெரிக்கா எல்லாமே இருக்கின்றன. ஒரே நாட்டில் இயங்கும் அமைப்புக்குத் தகுதி கொடுக்க அந்த நாட்டு அரசையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. எந்த உறுப்பு நாடு வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேட்டால் விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குப் போகும். நீங்கள் பதில் சொன்ன பிறகு இன்னொரு கேள்வி, மறுபடி அடுத்த அமர்வு. கோர்ட்டில் வாய்தா வாங்குவது போலத்தான்.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2007-ல் விண்ணப்பித்தது. அமர்வுக்கு அமர்வு இந்தியா கேள்வி கேட்டது, நூற்றுக்கும் மேல். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்கள். கடைசியில் குழுவைத் தாண்டி எகோசாக்கே வாக்கெடுப்பு நடத்தி 2022 டிசம்பரில் தகுதி கொடுத்தது. பதினைந்து வருடம். உங்களுக்கு அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான விண்ணப்பங்கள் அந்த மாதிரி மாட்டுவதில்லை. ஆனால் அரசுத் துறையோடு உரசல் இருக்கிற நீங்கள், 'ஆறு மாதத்தில் வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் ஏமாறக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. குழுவில் இருப்பவர்கள் உங்கள் வெப்சைட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். தைவானைத் தனி நாடு போலக் குறிப்பிட்டிருந்தால் சீனா கேள்வி எழுப்பும், ஐ.நா. வழக்குப்படி மாற்றச் சொல்லும். பாசி எடுப்பவர்களுக்கும் தைவானுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு பயிற்சிக்கு வந்தவர்களின் நாடுகள் என்று பட்டியல் போட்டிருப்பீர்கள், அது போதும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய உலக வரைபடம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

தகுதி கிடைத்த பிறகு நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் முதலில் நிறுத்திவைப்பார்கள், அப்புறமும் தராவிட்டால் பறித்துவிடுவார்கள். ஒரு கூட்டத்துக்கும் போகாமல், ஒரு அறிக்கையும் கொடுக்காமல் நான்கு வருடம் ஓடிவிட்டால் அந்த அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது.

எகோசாக் தவிர வேறு கதவுகளும் உண்டு. ஐ.நா.வின் உலகளாவிய தகவல் தொடர்புத் துறையோடு இணைகிற முறை ஒன்று இருக்கிறது. அது ஐ.நா. பற்றிய செய்திகளை மக்களிடம் கொண்டுசேர்க்கிற அமைப்புகளுக்கு. ஐ.நா. தகவல் மையத்தோடோ வேறு ஐ.நா. அமைப்போடோ ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்த வரலாறு வேண்டும், பரிந்துரைக் கடிதம் வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் பார்வையாளராகச் சேர்வது உங்களுக்கு நெருக்கம். அந்தத் துறையில் தகுதியுள்ள அமைப்பு செயலகத்துக்குத் தெரிவித்துக் கலந்துகொள்ள 23-வது பிரிவு இடம் தருகிறது. 30 சதவீதப் பேச்சு நடக்கும் அறையும் அதுதான்.

எந்தத் தகுதியும் இல்லாமலே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா. சில வருடங்களுக்கு ஒருமுறை பரிசீலிக்கும். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 என்று வந்தது. அதற்குத் தகுதி பெறாத அமைப்புகளும் எழுத்தறிக்கை அனுப்பலாம். உணவுரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் போன்றவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஐ.சி.எஸ்.எஃப்., அதாவது மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, 1986-லிருந்து இயங்குகிறது. அவர்களுக்கு எகோசாக் தகுதி உண்டு, ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சிறப்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள். சிறு மீனவர்களுக்கான உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல்கள் 2014-ல் வருவதற்கு வேலை செய்தவர்களில் அவர்களும் உண்டு. நீங்களே தனியாக நியூயார்க் போவதற்கு முன்னால் ஒருமுறை சென்னை போய்ப் பேசிப் பாருங்கள். பஸ் கட்டணத்தோடு முடியும்.

அந்த 10,000 ரூபாயைப் பற்றி. கன்சல்டன்டிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த ஐ.நா. அமைப்பு, எந்தத் தீர்மானத்தின் கீழ் இந்தத் தகுதியைத் தருகிறது. வாங்கிய பணத்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது. வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும், அழிக்காமல் வைத்திருங்கள். பணம் உங்கள் சொந்தக் கையிலிருந்து போனதா, டிரஸ்ட் கணக்கிலிருந்தா என்று நீங்கள் எழுதவில்லை. டிரஸ்ட் கணக்கிலிருந்து என்றால் அறங்காவலர் கூட்டத்தில் வைத்து, முன்பணம் என்றே கணக்கில் காட்டி, திருப்பிக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். கடிதத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்படியே டிரஸ்ட் பத்திரத்தின் ஆறாவது பக்கத்தையும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.